வீட்டில் போக்கர் ஆடப் பழகுவது: முதல் கையிலிருந்து ஒன்லைன் மேசை வரை

போயா லீவுக்கு முதல்நாள் இரவில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறேழு பேர் கூடி டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுவோம். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, ஏறாவூர்ப் பக்கம் என்று வருகிறவர்களில் யாராவது ஒருவர் எப்போதும் புதியவராக இருப்பார். புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். யூடியூப் பார்த்துவிட்டு பிளஃப் (நல்ல கை இல்லாமலே இருப்பதுபோல் பந்தயம் கூட்டிப் பயமுறுத்துவது) அடிப்பதில் தொடங்குகிறார்கள். எந்தக் கை எதை வெல்லும் என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன். படிகளை மாற்றிப் போட வேண்டாம், ஒன்று விளங்கினால்தான் அடுத்தது விளங்கும்.

1. பணம் வைப்பதில்லை என்று முதலில் பேசி முடியுங்கள்

காட்ஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன்னமே இதைச் சொல்லிவிட வேண்டும். "சும்மா நூறு ரூபாய் போடுவோம் மச்சான், அப்பத்தான் விறுவிறுப்பு" என்று ஒருவர் கட்டாயம் தொடங்குவார். நூறு ரூபாய் ஒரு மணித்தியாலத்தில் ஆயிரமாகும். தோற்றவர் விட்டதைப் பிடிக்கப் பார்ப்பார், வென்றவரால் எழும்பவும் முடியாது. பழகும் காலத்தில் பிழை விட வேண்டும், அந்தப் பிழைக்குக் காசு கட்டக் கூடாது. எங்கள் மேசையில் இன்றுவரை காசு இல்லை.

வேறு காரணங்களும் உண்டு. 1889 ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்தே இலங்கையில் பொது இடத்தில் பணம் வைத்து ஆடுவது குற்றம். ஆகவே கடற்கரையிலோ கடை வாசலிலோ இருந்து ஆடும் யோசனையே வேண்டாம். அதோடு எங்கள் பக்கத்தில் முஸ்லிம் நண்பர்கள் இல்லாத கூட்டாளிக் கூட்டம் குறைவு. சூது அவர்களுக்கு விலக்கப்பட்டது. காசு இல்லாவிட்டாலும் காட்ஸைத் தொடவே விரும்பாதவர் இருப்பார். அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, கேலியும் கூடாது. அன்றைக்கு வேறு விளையாட்டு ஆடினால் போயிற்று.

2. வேண்டிய பொருள்கள்

முதலில் முழுமையான காட்ஸ் கட்டு. எங்கள் வீடுகளில் கிடக்கிற கட்டுகள் பெரும்பாலும் 304 என்ற காட்ஸ் ஆட்டம் ஆடியவை. அதில் 32 காட்தான் கைக்கு வரும். இரண்டு முதல் ஆறு வரை எடுத்து வைத்திருப்பார்கள், அதில் சில தொலைந்தும் போயிருக்கும். போக்கருக்கு 52 உம் வேண்டும். ஆடத் தொடங்குமுன் எண்ணிப் பாருங்கள். ஒருமுறை நாங்கள் இரண்டு மணித்தியாலம் ஆடிய பிறகுதான் ஹார்ட் மூன்று இல்லாதது தெரிந்தது.

மூலை மடிந்த கட்டும் ஆகாது. மடிப்பைப் பார்த்தே ஆஸ் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், அவர் வேண்டுமென்று பார்க்காவிட்டாலும். வாவிக் காற்றுக்குக் கடதாசிக் காட்கள் ஈரித்து ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் கட்டு என்றால் நின்று பிடிக்கும்.

பந்தயம் வைக்கும் வில்லைகளான சிப்ஸ் வாங்கத் தேவையில்லை. புளியங்கொட்டை 1, சோழி 5, சட்டைப் பட்டன் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 40 கொட்டை, 16 சோழி, 4 பட்டன் கொடுத்தால் மொத்தம் 200. பிளைண்ட் என்பது கை தொடங்குமுன் இருவர் கட்டாயம் போடும் தொகை; சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2 என்றால் ஆளுக்கு நூறு பெரிய பிளைண்ட் கையிருப்பு. இதைவிடக் குறைத்தால் இரண்டு கையில் எல்லாரும் ஒல்-இன் (கையிருப்பு முழுவதையும் போடுவது) போய்விடுவார்கள், ஒருவரும் ஒன்றும் பழக மாட்டார்கள்.

டீலர் யார் என்று காட்ட ஒரு போத்தல் மூடி போதும். நடுவில் பாயோ துணியோ விரியுங்கள், வெறும் மேசையில் காட் எடுக்கும்போது புரண்டு தெரிந்துவிடும்.

3. 304 இல் பழகிய வரிசையை மறக்க வேண்டும்

செத்த வீட்டு இரவுகளில் விடிய விடிய 304 ஆடிய கைக்கு இதுதான் பெரிய சிக்கல். அங்கே ஜக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11. மனம் தன்பாட்டில் ஜக்கைப் பெரிதாகப் பார்க்கும். போக்கரில் ஆஸ், கிங், குயின், ஜக், பத்து என்று இறங்கி இரண்டில் முடிகிறது. துரும்பு இல்லை. ஸ்பேட் ஹார்ட்டைவிடப் பெரிது என்ற பேச்சும் இல்லை, நான்கு சின்னமும் சமம்.

ஐந்து காட் சேர்ந்ததுதான் ஒரு கை. மேலிருந்து கீழே இப்படி:

ரோயல் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் பத்து முதல் ஆஸ் வரை), ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் தொடர்ந்த ஐந்து), நாலும் ஒரே காட், ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே காட், மற்ற இரண்டும் ஒரு சோடி), ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஏதாவது ஐந்து), ஸ்ட்ரெய்ட் (சின்னம் கலந்த தொடர்), மூன்று ஒரே காட், இரண்டு சோடி, ஒரு சோடி, பெரிய காட்.

புதியவர்கள் மாறாட்டமடைவது ஃப்ளஷிலும் ஸ்ட்ரெய்ட்டிலும். எது அரிதோ அது பெரிது. 52 காட்டில் ஐந்தை எடுக்க 25,98,960 வழி உண்டு. அதில் ஃப்ளஷ் 5,108, ஸ்ட்ரெய்ட் 10,200. அதனால்தான் ஃப்ளஷ் மேலே. ஸ்ட்ரெய்ட்டில் ஆஸ் மேலேயும் நிற்கும், கீழேயும் நிற்கும் (ஆஸ், 2, 3, 4, 5). கிங், ஆஸ், இரண்டு என்று சுற்றி வராது.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். "என்னட்ட இருக்கிறது பெரிதா?" என்று பக்கத்தில் கேட்ட உடனேயே அவர் கை என்ன என்று எல்லாருக்கும் விளங்கிவிடும்.

4. ஒரு கை ஓடும் ஒழுங்கு

மூடிக்கு முன்னால் இருப்பவர் டீலர். அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் சின்ன பிளைண்ட், அதற்கடுத்தவர் பெரிய பிளைண்ட் போடுவார். காட்டைப் பார்க்காமல் போடும் கட்டாயத் தொகை இது. இது இல்லாவிட்டால் எல்லாரும் ஆஸ் சோடி வரும்வரை சும்மா இருப்பார்கள். இரண்டே பேர் ஆடும்போது மட்டும் டீலரே சின்ன பிளைண்ட்.

ஆளுக்கு இரண்டு காட் மூடிக் கொடுக்கப்படும். முதல் சுற்றுப் பெரிய பிளைண்டுக்கு இடப்பக்கத்தவரில் தொடங்கும். பிறகு நடுவில் மூன்று காட் திறக்கப்படும், அது ஃப்ளொப். அடுத்து ஒன்று, டேர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சுற்று பெட் (பந்தயம்). ஃப்ளொப்புக்குப் பிறகு எப்போதும் டீலருக்கு இடப்பக்கம் கையில் இருக்கும் முதல் ஆள் தொடங்க வேண்டும். தொடங்கும் ஆள் மாறுவதால்தான் முதல் இரவில் பலரும் குழம்புகிறார்கள்.

ஃப்ளொப், டேர்ன், ரிவர் திறக்குமுன் மேல் காட் ஒன்றை மூடியபடியே ஒதுக்கி வையுங்கள். மேல் காட்டின் முதுகில் அடையாளம் இருந்து யாராவது கண்டிருந்தாலும் அது ஆட்டத்துக்குள் வராது.

முடிவில் கையிலுள்ள இரண்டு, நடுவிலுள்ள ஐந்து, மொத்தம் ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. நடுவில் ஆஸ், ஜக், 8, 7, 3 என்றால் ஆஸ்-5 வைத்திருப்பவர் ஆஸ்-குயின் வைத்திருப்பவரிடம் தோற்பார். இருவருக்கும் ஆஸ் சோடி, ஆனால் துணைக் காட்டில் குயின் பெரிது. நடுவில் ஆஸ், கிங், குயின், ஜக், 9 என்றால் ஆஸ்-4 உம் ஆஸ்-2 உம் சமம்; நாலும் இரண்டும் ஐந்துக்குள் வராது, நடுவில் சேர்ந்த சிப்ஸை, அதாவது பொட்டை, பாதியாகப் பிரிக்க வேண்டும். இந்த இரண்டு உதாரணத்தையும் காட்ஸை விரித்து வைத்துக் காட்டுங்கள். வாயால் சொன்னால் ஏறாது.

குலுக்குவதை அவசரப்படுத்த வேண்டாம். இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விடும் முறையில் ஏழு தடவை குலுக்கினால்தான் கட்டு நன்றாகக் கலையும் என்று 1992 இல் கணிதத்தில் காட்டியிருக்கிறார்கள். இரண்டு தரம் தட்டிவிட்டுக் கொடுத்தால் போன கையின் சோடிகள் அப்படியே அருகருகே வரும்.

5. சிப்ஸ் நகர்த்தும் முறை

முன்னால் யாரும் பெட் போடாவிட்டால் செக் (ஒன்றும் போடாமல் அடுத்தவருக்கு விடுவது) சொல்லலாம். போட்டிருந்தால் மூன்றே வழி: ஃபோல்ட் (கையை விட்டு விலகுவது), கோல் (அதே அளவு போடுவது), ரெய்ஸ் (அதைக் கூட்டுவது). ரெய்ஸ் குறைந்தது முந்திய பெட்டின் அளவாவது கூட இருக்க வேண்டும். 10 போட்டால் 20, அதற்குமேல் 30.

தொகையை வாயால் சொல்லிவிட்டுச் சிப்ஸைத் தள்ளுங்கள். "உன்ர பத்து... அதோட இன்னொரு இருபது" என்று இரண்டு தவணையில் தள்ளுவது ஏற்கப்படாது. முதல் பத்தைப் போட்டு எதிராளி முகத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டுவதற்கு அது வழி விடும்.

ஒல்-இன் வரும்போதுதான் சண்டை வரும். ஒருவரிடம் 30, மற்ற இருவரிடம் 80 வீதம், மூவரும் எல்லாவற்றையும் போட்டால், 30 வீதம் 90 முதல் பொட். மிச்சம் 50 வீதம் 100 வேறு பொட், அது அந்த இருவருக்கும் மட்டும். 30 வைத்தவர் வென்றாலும் 90 தான் எடுப்பார். இரண்டு குவியலையும் அந்த நேரமே பிரித்து வையுங்கள்.

6. ஃபோல்ட் பண்ணப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுங்கள். புதியவர் தோற்பது பிளஃப் தெரியாததால் என்று நினைக்கிறார். நான் பார்த்த வரையில் எல்லாக் கையையும் ஆடுவதால்தான் தோற்கிறார். காட் வந்துவிட்டது, ஆடாமல் போட்டால் வீண் என்று ஒரு மனம். 304 இல் கிடைத்த எட்டுக் காட்டையும் ஆடித்தான் ஆக வேண்டும், அந்தப் பழக்கம் விடாது.

ஆறு பேர் மேசையில் ஐந்து கைக்கு ஒரு கை ஆடினால் போதும். பத்துக்கு மேற்பட்ட சோடி, ஆஸ்-கிங், ஆஸ்-குயின், ஒரே சின்னத்தில் ஆஸ்-ஜக் அல்லது கிங்-குயின், இவற்றோடு தொடங்குங்கள். இவை வந்தால் பெரிய பிளைண்டின் மூன்று மடங்குக்கு ரெய்ஸ். வெறுமனே கோல் பண்ணி ஐந்து பேரையும் உள்ளே விட்டால் ஆஸ் சோடியைக்கூட யாராவது முறியடிப்பார்கள்.

புதியவர்களுக்குப் பிடித்த கை கிங்-4, ஒரே சின்னம். "ஃப்ளஷ் வரும்." ஒரே சின்னமாக இருப்பது வெல்லும் வாய்ப்பை ஏறக்குறைய 3 சதவீதம்தான் கூட்டும். கிங் வந்து சோடியானால் துணைக் காட் 4 ஆக நின்று காலை வாரும். ஃபோல்ட் பண்ணிவிடுங்கள்.

சின்னச் சோடிகள், அதாவது 2-2 முதல் 6-6 வரை, மலிவாக ஃப்ளொப் பார்க்க முடிந்தால் மட்டும். மூன்றாவது காட் ஃப்ளொப்பில் வருவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான். வராவிட்டால் பிடிவாதம் வேண்டாம். ஆஸ்-கிங்கும் அப்படித்தான், மூன்றில் இரண்டு தடவை ஃப்ளொப்பில் சோடிகூட வராது.

கடைசியில் பேசும் இடம், அதாவது டீலர் இடம், நல்ல இடம். மற்றவர் என்ன செய்தார் என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். அங்கே கொஞ்சம் கூடக் கைகள் ஆடுங்கள், முதலில் பேசும் இடத்தில் குறையுங்கள்.

பிளஃப்? எங்கள் போன்ற மேசையில் எல்லாரும் "பாப்பமே" என்று கோல் பண்ணுவார்கள். ஃபோல்ட் பண்ணத் தெரியாதவரைப் பயமுறுத்த முடியாது. நல்ல கை வரும்போது பொட்டின் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு போடுங்கள், அதுவே போதுமான சம்பாத்தியம்.

7. ஒரே ஒரு கணக்கு

ஃப்ளஷுக்கு இன்னொரு காட் வேண்டுமென்றால் மிச்சம் ஒன்பது. ஒரு காட் திறக்க இருந்தால் இரண்டால் பெருக்குங்கள், 18 சதவீதம். இரண்டு காட் திறக்க இருந்து, இடையில் இனிப் பெட் வராதென்றால் (ஒருவர் ஒல்-இன்) நாலால் பெருக்குங்கள், 36. சரியான கணக்குக்கு மிக அருகில் வரும்.

இப்போது டேர்ன் முடிந்து பொட்டில் 40, எதிராளி 20 போடுகிறார். நீங்கள் 20 கொடுத்தால் பொட் 80 ஆகும், உங்கள் பங்கு அதில் கால், 25 சதவீதம். வாய்ப்போ 18. ஃபோல்ட் பண்ணுங்கள். அவர் 10 மட்டும் போட்டால் 60 இல் 10, 17 சதவீதம், கோல் பண்ணலாம். இதைத் தெரிந்துகொண்டாலே மேசையில் பாதிப்பேரைவிட முன்னுக்கு நிற்பீர்கள்.

8. மேசை மரியாதை

உங்கள் முறை வரும்வரை போடவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். முந்திப் போட்டால் உங்களுக்கு முன் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு இலவசமாகத் தகவல் கொடுக்கிறீர்கள். பாதிக்கப்படுவது மூன்றாவது ஆள்.

ஃபோல்ட் பண்ணிய கையைப் பற்றி, நடுவில் மூன்று குயின் வந்ததும் "ஐயோ என்ர குயின்" என்று கத்தாதீர்கள். கை முடியட்டும்.

வென்றது தெரிந்தும் காட்டை மெல்ல மெல்லத் திருப்பி ஆளை ஏங்க வைப்பது மிகக் கேவலமான பழக்கம். உடனே திறவுங்கள். ஒருவருக்குக் காட்டினால் எல்லாருக்கும் காட்டுங்கள்.

ஒரு கையை ஒருவர்தான் ஆட வேண்டும். பின்னால் நின்று பார்க்கும் மச்சான் ஆலோசனை சொல்லக் கூடாது. அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் இருந்தால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்து ஆடுவதும் கூடாது. 304 இல் சோடி சேர்ந்து ஆடிப் பழகியவர்களுக்கு இது பாசமாகத் தெரியும். போக்கரில் அது மற்ற நாலு பேரையும் ஏமாற்றுவது. தம்பியிடம் நல்ல கை இருக்கிறதென்று அறிந்து அண்ணன் ஃபோல்ட் பண்ணினால், உள்ளே நிற்கும் மற்றவர் தனி ஆளாக இரண்டு பேருடன் மோதுகிறார். ஒன்லைனில் நடக்கும் திருட்டில் பெரும்பங்கு இதேதான், வேறு உருவத்தில்.

9. ஒன்லைன் போகுமுன்

எங்கள் கூட்டத்தில் இருவர் இப்போது கட்டாரிலும் கனடாவிலும். அவர்களோடு ஆட இலவச அப்பில் தனி மேசை திறந்து, வீடியோ கோலும் போட்டுக்கொள்வோம். இதற்கு மூன்று விதி வைத்திருக்கிறோம்: கமரா திறந்திருக்க வேண்டும், ஆளுக்கு ஒரே கணக்கு, ஒரே அறையில் இருவர் இருந்து ஆடக் கூடாது. காசு இல்லை. இதுவரை பிரச்சினை வரவில்லை.

முகம் தெரியாதவர்களோடு காசு வைத்து ஆடுவது வேறு உலகம். அங்கே எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

"அப் வேண்டுமென்றே என்னைத் தோற்கடிக்கிறது" என்பதுதான் நான் அதிகம் கேட்ட முறைப்பாடு. ஆஸ் சோடி கிங் சோடியை வெல்லும் வாய்ப்பு 82 சதவீதம் அளவு, ஐந்துக்கு ஒன்று அளவில் தோற்கும். விறாந்தையில் மணித்தியாலத்துக்கு முப்பது கைக்கு உள்ளேதான் ஓடும், ஒன்லைனில் அதன் இரு மடங்குக்கு மேல். அதே கெட்ட கை இரு மடங்கு தடவை கண்ணில் படும். ஒரு இரவை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனால் குலுக்கும் நிரலில் பிழை வருவது நடக்காததும் இல்லை. 1999 இல் ஒரு போக்கர் நிரலை ஆராய்ந்தவர்கள், அது குலுக்கலைக் கணினிக் கடிகாரத்திலிருந்து தொடங்குவதைக் கண்டு, தங்கள் கையிலுள்ள இரண்டு காட்டையும் ஃப்ளொப்பின் மூன்றையும் வைத்து எல்லார் கையையும் சொல்லிக் காட்டினார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியவை இவை. முதலாவது, கூட்டு. ஆறு பேர் மேசையில் மூன்று பேர் வட்ஸப்பில் காட்டைச் சொல்லிக்கொண்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒருவரை ஒருவர் எதிர்க்காமல், நடுவில் அகப்பட்டவரை மட்டும் மாறி மாறி ரெய்ஸ் பண்ணினால் எழும்பிவிடுங்கள்.

இரண்டாவது, இயந்திரம். 2019 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் செய்த புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அவ்வளவு வல்லமை வேண்டாம், சாதாரண உதவி நிரல் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தாலே புதியவரைத் துடைத்துவிடலாம். எளிதான கைக்கும் கடினமான கைக்கும் ஒரே நேரம் எடுத்து, மணிக்கணக்காக ஓயாமல் ஆடுபவரைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, உள்ளே இருப்பவர்கள். 2007 இல் அப்சலூட் போக்கரிலும் 2008 இல் அல்டிமேட்பெட்டிலும் (இரண்டும் ஒன்லைன் போக்கர் தளங்கள்), எதிராளியின் மூடிய காட்டைப் பார்க்கக்கூடிய கணக்குகள் இருந்தது வெளியே வந்தது. அதைக் கண்டுபிடிக்க உதவியது, ஒவ்வொரு கையும் எப்படி ஓடியது என்று ஆட்டக்காரர்கள் சேர்த்து வைத்த கைப் பதிவுகள்தான். ஆகவே எந்த அப்பாக இருந்தாலும் கைப் பதிவைத் தரவிறக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். தராத இடத்தில் உட்கார வேண்டாம்.

நான்காவது, எங்கள் பக்கத்தில் மிக நெருங்கியது. ஒரு ஏஜென்ட் வட்ஸப்பில் வந்து, தன் சொந்த வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொல்லி, அப்பில் சிப்ஸ் ஏற்றித் தருவார். முதல் வாரம் வெல்ல விடுவார்கள். எடுக்கப் போனால் "வரி கட்டு, பிறகு தருகிறோம்" என்பார்கள். என் நண்பர் ஒருவர் இப்படி மூன்று தடவை கட்டினார், நான்காவதற்குத்தான் என்னிடம் சொன்னார். எடுப்பதற்கு மேலும் காசு கேட்டால் அங்கே உங்கள் காசு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். கட்டிவிட்டீர்களென்றால் அன்றே வங்கிக்கு அறிவித்து, உரையாடல்களையும் ரசீதுகளையும் அழிக்காமல் படம் எடுத்து வைத்து, பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வெட்கத்தில் ஒரு கிழமை தள்ளிப்போட்டால் காசு பல கை மாறிவிடும்.

இன்னொன்று. ஒருவர் மேசையிலிருந்து எழும்ப முடியாமல், கடன் வாங்கி, வீட்டில் மறைத்து ஆடத் தொடங்கினால் அவருக்கு உத்தி சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். முதல் தடவை எடுக்கும்போது பக்கத்தில் இருங்கள்.